சொல்லியும் கிடைத்த வேலை

என்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாருமே தங்கமான மனிதர்கள். கதிரையை இழுத்துப் போடுவார்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்புவார்கள், சான்றிதழ்களைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பிறகு டீ வரும். அங்கேதான் எனக்குச் சனி பிடிக்கும். எங்கள் மாத்தளையில் வேலை கேட்டு ஒரு கந்தோருக்குப் போனவருக்கு டீ கொடுப்பது மரியாதை. அதில் சீனியை அள்ளிப் போடுவது அதைவிடப் பெரிய மரியாதை. வேண்டாம் என்றால் நான் திமிர் பிடித்தவள். குடித்தால் பின்னேரம் வரைக்கும் தலை கனக்கும். "சீனி போடாம தாங்க" என்று சொன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பேனாவை வைத்துவிட்டு என்னை முதல்முறையாக ஒழுங்காகப் பார்ப்பார்.

"ஏன், டயட்டா?"

"இல்ல சேர். எனக்கு சுகர்."

அதற்குப் பிறகு என் சான்றிதழ்களை யாரும் பார்த்ததில்லை.

எனக்கு நீரிழிவு பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டு படிக்கும்போது வந்தது. உடம்புக்குள் இன்சுலின் சுரக்கிற இடம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. சீனி தின்று வந்த வியாதி இல்லை இது. மாத்திரையில் சமாளிக்கிற வகையும் இல்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். இதை நான் மாத்தளை நகரத்தில் பாதிப் பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதிப் பேர் எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, வெந்தயம் ஊறிய தண்ணீர், கோவையிலைச் சம்பல், வேப்பங்கொழுந்து. எங்கள் ஊரில் வைத்தியம் படிக்காத ஒரே கூட்டம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள்தான் போலிருக்கிறது.

முதலில் ஒரு லீசிங் கம்பனிக்குப் போனேன். முகாமையாளரின் வயிறு அவருக்கு முன்பே மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே அனுதாபமாகக் கேட்டார்.

"இந்த வயசுலயா? அப்படி என்னத்தத்தான் சாப்பிட்டீங்க?"

சோறு சாப்பிட்டேன் என்றேன். "நாங்க அறிவிக்கிறோம்" என்றார். இன்னும் அறிவிக்கவில்லை. பொறுப்பான கம்பனி, நிதானமாக யோசித்துத்தான் செய்வார்கள். அடுத்து ஒரு பாலர் பாடசாலை. அதை நடத்திய அம்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, இது பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்று கேட்டார். ஒட்டாது என்றேன். தன் கையைப் பார்த்தவாறே என் கையை விட்டார், "நாங்க அறிவிக்கிறோம்" என்றார். துணிக்கடைக்காரர் மட்டும் மனதில் பட்டதை மறைக்கவில்லை. "நிக்கிற வேலை தங்கச்சி. நீங்க பொத்துனு விழுந்துட்டா நாங்கல்ல பதில் சொல்லணும்?" நான் இன்னும் விழவே இல்லை, அதற்குள் அவர் பதில் தேட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. விண்ணப்பங்களில் 'நாட்பட்ட நோய் ஏதும் உண்டா' என்று ஒரு கேள்வி இருக்கும், 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நான் எதில் கோடு போடுகிறேன் என்று பார்ப்பதற்காகவே அம்மா அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வருவார்.

"இல்லைன்னு போடுடி. கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்ல. சொல்லாம இருக்கிறது. கலியாணத் தரகர்கிட்டயும் நான் சொல்லல, அதுக்காக நான் பொய் சொன்னேன்னு ஆயிருமா?"

"பின்ன யாருகிட்டதாம்மா சொல்றது?"

"ஆஸ்பத்திரியில சொல்லு. அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

அம்மாவின் கணக்கு அவருக்குச் சரி. எனக்குச் சரிவராமல் போனதற்குக் காரணம் உண்மையின் மேல் உள்ள காதல் ஒன்றும் இல்லை. உயிரின் மேல் உள்ள ஆசை. உயர்தரப் பரீட்சை முடித்து நகரத்தில் கணினி வகுப்புக்குப் போன காலத்தில், யாரிடமும் சொல்லாமல் நல்ல பிள்ளையாக இருந்து பார்த்தவள் நான். ஒருநாள் ஊசி போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் ஓடினேன். வகுப்பில் கை நடுங்கியது, வியர்த்தது, விசைப்பலகை இரண்டாகத் தெரிந்தது, அப்படியே சரிந்துவிட்டேன். ஒரு கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்தவர்களோ வலிப்பு என்று முடிவு கட்டி, மோட்டார் சைக்கிள் சாவி, அலுமாரிச் சாவி, கட்டடத்தின் இரும்புக் கேட்டுச் சாவி என்று இருந்த சாவிகள் எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டார்கள். ஒருவர் விபூதி பூசினார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். பக்கத்துக் கடையில் சீனி மூட்டை மூட்டையாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் என்னை முச்சக்கர வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் சொல்லிவிடுவேன். எனக்குச் சுகர், ஊசி போடுகிறேன், ஒருவேளை நான் மயங்கினால் வாயில் சீனி போடுங்கள், சாவி வேண்டாம். கேட்கிறவர்களுக்கு 'மயங்கினால்' என்பது மட்டும்தான் காதில் விழும்.

இதற்கிடையில் வேலை இல்லாமலும் முடியாது. கிளினிக்கில் இன்சுலின் இலவசம், அது இருக்கிற மாதத்தில். விரலைக் குத்தி இரத்தம் பார்க்கிற பட்டைகள் எந்த மாதத்திலும் இலவசம் இல்லை. அண்ணன் தம்புள்ளைக்கு லொறி ஓட்டிக் கொண்டுவருகிற சம்பளத்தில் அவன் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்பைஸ் கார்டனில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரிலிருந்து தம்புள்ளை பஸ்ஸில் ஏறினால் வழி நெடுக அவைதான். மிளகுக் கொடி, கொக்கோ, கறுவா, சாதிக்காய் மரம் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று நட்டு, நடுவில் ஓலைக் கொட்டகைகள் போட்டிருப்பார்கள். சுற்றுலாக்காரரின் பஸ் உள்ளே வளையும். மரங்களைக் காட்டுவது இலவசம். அப்புறம் கொட்டகையில் உட்காரவைத்து மூலிகைத் தைலம் தடவுவார்கள், அதுவும் இலவசம். வெளியே போகிற வழி மட்டும் கடைக்குள்ளால் போகும்.

அந்தத் தோட்டத்தின் முதலாளி எங்கள் ஆள்தான். நெற்றி நிறைய விபூதி, கோயில் திருவிழாவில் முன்வரிசை, ஊரே ஐயா என்று கூப்பிடும். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் என்னைத் தமிழில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம், சிங்களத்தில் கொஞ்சம் பேசவைத்துப் பார்த்தார்.

"இந்தியாவுல இருந்து நம்மாளுங்க பஸ் பஸ்ஸா வர்றாங்கம்மா. அவங்களுக்கு வெளங்கப்படுத்த ஒரு ஆள் இல்ல. இங்க இருக்கிற பொடியன்மார் இங்கிலீஷ்ல சொல்லி, அவங்க ஹிந்தியில தலையாட்டி, ஒண்ணும் விக்கிறதில்ல."

டீ வந்தது. கொக்கோவும் வெல்லப் பாணியும் கலந்த மூலிகை டீ. பார்த்தாலே இனித்தது. சரி, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறை அவர் கேட்கும்வரை காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

"ஐயா, எனக்கு சுகர். சின்ன வயசிலேயே வந்தது. ஊசி போடறேன். மயங்கினா சீனி குடுத்தா போதும், எழும்பிருவேன். வேலை தர்றதில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, மழைக்கு முந்தி பஸ் பிடிச்சிருவேன்."

ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். நான் பையை எடுத்தேன். ஆனால் அவர் முகம் நான் பார்த்துப் பழகிய மாதிரி சுருங்கவில்லை. விரிந்தது. தேர் அசைந்த நேரத்தில் கும்பிடுகிறவர்களின் முகத்தில்தான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

"எவ்வளவு காலமா?"

"பள்ளிக்கூடத்துல இருந்து."

"ஆனா பாத்தா தெரியலயே! நல்லா வாட்டசாட்டமா, கண்ணெல்லாம் தெளிவா..." எழுந்து மேசையைச் சுற்றி வந்து என்னை எல்லாப் பக்கமும் பார்த்தார். "நாளைக்கே வந்துருங்கம்மா. இப்படி ஒளிவுமறைவு இல்லாம பேசற பிள்ளைங்களைத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்."

உயர்தரச் சான்றிதழுக்குக் கிடைக்காத மரியாதை என் கணையத்துக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சொன்னேன், சொல்லியும் குடுத்துட்டாங்க" என்றேன். அம்மா நம்பவில்லை. மறுபடியும் ஒருமுறை சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். நான் அன்றிரவு சந்தோஷத்தில் அழுதேன். அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை.

ஐயாவின் வெளிச்சத்துக்கு என்ன காரணம் என்பது வேலைக்குப் போன சில நாட்களில் தெரிந்துவிட்டது. கடையில் தலைமுடிக்கும் மூட்டுவலிக்கும் உள்ள தைலங்களுக்கு மேலே, தனித் தட்டில், கொத்தலஹிம்புட்டுக் கோப்பைகள் அடுக்கியிருந்தன. அது ஒரு காட்டுக் கொடி. அதன் தடித்த தண்டைக் குடைந்து கோப்பை செய்வார்கள். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் சிவந்திருக்கும், அதைக் குடித்தால் சீனி வருத்தத்துக்கு நல்லது என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கொட்டகையில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வியும் "சுகருக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஐயாவிடம் இவ்வளவு நாளும் கோப்பை மட்டும்தான் இருந்தது. இப்போது நானும் இருந்தேன்.

முறை இப்படி. நான் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு எல்லாரையும் கொட்டகைக்குக் கூட்டிவருவேன். "அட, நல்லா தமிழ் பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். எங்கள் அம்மாவிடம் என்பேன். பிறகு ஐயா வருவார். ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுப்பார். நான் குடிப்பேன். நான் குடித்து முடிக்கும்வரை ஐயா பேசுவார்.

"இந்தப் பிள்ளைக்கு சின்ன வயசிலேயே சுகர். வேலை கேட்டு வந்த அன்னைக்கே, நான் கேக்காமலே, தானா சொல்லுச்சு. மறைக்கவே இல்ல. அவ்வளவு நேர்மையான பிள்ளை. இப்ப இங்க தினமும் இந்தக் கோப்பையிலதான் தண்ணி குடிக்குது. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே பாருங்க, எப்படி இருக்குதுன்னு."

எல்லாரும் பார்ப்பார்கள். பிறகு வாங்குவார்கள். இதில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எனக்குச் சுகர், உண்மை. நானாகச் சொன்னேன், உண்மை. தினமும் அந்தக் கோப்பையில் குடிக்கிறேன், அவர் கொடுத்தால் குடிக்காமல் என்ன செய்வது? ஐயா பொய் சொல்கிற மனிதர் இல்லை, விரதம் இருக்கிறவர். நான் மூன்று நேரம் போட்டுக்கொள்கிற ஊசியைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார். அதற்கும் எனக்கு முதல்நாளே கட்டளை வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணும்மா. அந்த ஊசிய வர்றவங்க கண்ணுல காட்டிறாதீங்க. பயந்துருவாங்க."

ஆக, சொன்னால் வேலை இல்லை என்ற காலம் போய், சொன்னதற்காக வேலை கிடைத்து, அந்த வேலைக்காக மறைக்கிற காலம் வந்தது. இன்சுலின் குப்பி ஃபிரிட்ஜில், பழச்சாறு போத்தல்களுக்குப் பின்னால், வெறும் மாஜரின் டப்பாவுக்குள் இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு கராம்பு மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். எனக்கு இன்றைக்கும் கராம்பு வாசம் வந்தால் வயிற்றில் ஊசி குத்துகிற இடம் கூசும்.

என் நோயைக் கேட்டவர்களில் அதைச் சரியாகக் கேட்டவர் கடையில் பில் போடுகிற ராத்தா ஒருவர்தான். பெரிய பள்ளிவாசல் பக்கத்தில் குடும்பத்தோடு இருந்த முஸ்லிம் அக்கா. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவரிடமும் என் பாட்டைப் பாடினேன். சுகர், ஊசி, மயங்கினால் சீனி, சாவி வேண்டாம். அவர் ஒரு வைத்தியமும் சொல்லவில்லை. "எந்தளவு சீனி?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் அவர் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு பை டொபி மிட்டாய் இருந்தது. ஒருநாள் வெயிலில் இரண்டு பஸ்களை அடுத்தடுத்துச் சுற்றிக் காட்டிவிட்டு வந்து கடை வாசலில் நின்றபோது, என்னை அவர் பார்த்த பார்வையே வேறாக இருந்தது.

"மொகம் வெளுத்துப் போச்சே புள்ள. இந்தா, மொதல்ல இத வாயில போடு. பேசாத."

நான் டொபியை மென்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பில் போட்டார். கொஞ்ச நேரத்தில் உலகம் பழையபடி ஒன்றாகத் தெரிந்தது. எனக்கு இந்த வேலை வேண்டும் என்பதற்குச் சம்பளத்தைவிடப் பெரிய காரணம் அந்த லாச்சிதான். நான் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருத்தர் இருக்கிற இடம் அது. அப்படி ஓர் இடத்துக்காகக் கோப்பையில் தண்ணீர் குடித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்குகிறவர்களும் அதை நம்பி வாங்குவதாகத் தெரியவில்லை. கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்கு, மாமியாருக்குக் கொடுப்பதற்கு, இலங்கைக்குப் போய்வந்தோம் என்று காட்டுவதற்கு. அவர்கள் எல்லாரும் ஊரில் மாத்திரை போடுகிறவர்கள்தான், போய் அதையும் போடப் போகிறார்கள். இப்படி நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

அந்தப் பஸ் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுடையது. கோயில்களைப் பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போகிற வழியில் எங்கள் தோட்டத்துக்குள் வளைந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. நான் சுற்றிக் காட்டினேன், எங்கே தமிழ் கற்றேன் என்று கேட்டார்கள், ஐயா வந்தார், நான் குடித்தேன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் மற்றவர்கள் தைலத்துக்குப் போன பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். கையில் இரண்டு கோப்பைகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கலாங்களா?"

மிளகுக் கொடிப் பக்கமாக ஒதுங்கினோம்.

"எம் பொண்ணுக்கும் இதேதாங்க. போன வருசம் வந்துச்சு. ஆறாவது படிக்கிறா. தினமும் குத்திக் குத்தி தொடையெல்லாம் கட்டி கட்டியா இருக்கு. ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு வேலை, ஒரு கல்யாணம்னு வந்தா யாருங்க ஏத்துக்குவாங்க? அதான் மறைச்சே வெச்சிருக்கோம்." கோப்பைகளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இத எத்தனை நாள் குடிச்சதும் நீங்க ஊசிய நிறுத்துனீங்க?"



"நான் நிறுத்தினேன்னு யாரு சொன்னது?"

"அதான் ஐயா சொன்னாரே. உங்கள பாத்தப்புறம் எனக்கு ஒரு தெம்பு வந்துருச்சுங்க. ஊருக்குப் போனதும் அவளுக்கும் நிறுத்திரலாம்னு இருக்கேன்."

ஐயா ஒன்றும் சொல்லவில்லைதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாத நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, எங்கோ மதுரையில் ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தோம்.

"அக்கா, நான் நிறுத்தல. நிறுத்தினா செத்துருவேன். உங்க பிள்ளையும் செத்துரும்."

அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் வாய்ப் பேச்சை அவர் எதற்காக நம்ப வேண்டும்? வேலை போய்விடும் என்ற பயத்தில் ஏதோ வியாபார ரகசியத்தை மறைக்கிறேன் என்றுகூட நினைத்திருப்பார். "இல்லங்க, நீங்க நல்லா இருக்கீங்களே" என்றார், கெஞ்சுகிற மாதிரி.

எப்படியும் பகல் சாப்பாட்டு நேரம்தான். கடைக்குள் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன், பழச்சாறு போத்தல்களை ஒதுக்கினேன், டப்பாவை எடுத்தேன். ராத்தா பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் கராம்பு அறைப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், ஐயா என்னை நிறுத்திவைத்து வித்தை காட்டுகிற அதே பலகையில் உட்கார்ந்தேன். தைலம் பூசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். குப்பியில் ஊசியை விட்டு மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டி, இடுப்புச் சேலையை விலக்கி, எல்லாரும் பார்க்கக் குத்தினேன்.

"எனக்கு இன்னும் சுகர் இருக்கு. தினமும் மூணு நேரம் இதுதான் போடறேன். நான் நல்லா இருக்கிறது இதனாலதான். கோப்பைய ஆசைக்கு வாங்கிட்டுப் போங்க. ஊசியையும் மாத்திரையையும் மட்டும் யாரும் நிறுத்திறாதீங்க."

ஒரு பெரியவர் முழங்காலில் தைலத்தோடு, கவலையாகக் கேட்டார்.

"அப்ப, இந்த மூட்டு வலித் தைலம் உண்மைதானே?"

ஐயாவை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், கைகளை அகல விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, எவ்வளவு நேர்மையான பிள்ளைன்னு? எங்க தோட்டத்துல மறைக்கிற பழக்கமே கெடையாது." இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். பெரியவர் இரண்டு போத்தல் தைலம் வாங்கினார். ஐயா என் பக்கத்தில் வந்து, சிரித்த முகம் மாறாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பஸ் போனதும் கந்தோருக்கு வாங்கம்மா. நாளையில இருந்து வர வேணாம். தேவைன்னா நாங்க அறிவிக்கிறோம்."

நான் என் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். ஊசி போட்டாயிற்று, யார் என்ன அறிவித்தாலும் சாப்பிட்டாக வேண்டும். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த மதுரைப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் கோப்பைகள் இல்லை. அழுதிருந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தாலும் நியாயம்தான். அவர் கைபேசியை எடுத்து யாரையோ கூப்பிட்டார். திரையில், இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை வந்தாள்.

"பாப்பா, இங்க பாரு, இந்த அக்காவுக்கும் ஒன்ன மாதிரியேதான். இப்பத்தான் எல்லார் முன்னாடியும் ஊசி போட்டாங்க. வேலையெல்லாம் பாக்குறாங்க பாரு."

என் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை என் சேலையை, பின்னால் இருந்த மிளகுக் கொடியை, மடியில் இருந்த சோற்றை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லார் முன்னாடியுமா போட்டீங்க?"

"ஆமா."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"கை தட்டினாங்க."

வெளியே பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். கடைக்குள் எல்லாரும் பில்லுக்கு வரிசையில் நின்றார்கள். ராத்தா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முன்னால் இருந்த பொதியைப் பிரித்து, உள்ளே இருந்த சவர்க்காரங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கடதாசியில் சுற்ற ஆரம்பித்தார். அவ்வளவு மெதுவாக அவர் பொதி கட்டி நான் பார்த்ததில்லை. ஐயா கந்தோர் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா," அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தினாள். "வேலைக்குக் கேக்கப் போனப்ப, சுகர் இருக்குன்னு சொன்னீங்களா, மறைச்சுட்டீங்களா?"

"சொன்னேன்."

"சொல்லியும் வேலை குடுத்தாங்களா?"

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் புறப்படவில்லை.

"குடுத்தாங்க," என்றேன். "இப்ப வேலையிலதான் இருக்கேன்."